பீட் கிரேயின் ஒரே ஒரு சீசன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து, காலை நடையை மறுபடி தொடங்கியது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பள்ளி திறந்துவிட்டது.

கிரிக்கெட் வீரர் பட்டோடி ஒரு கண் பார்வையோடு ஆடியதை நீ அலுக்காமல் பேசுவாயே, உனக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். பீட் கிரே, அமெரிக்க பேஸ்பால் வீரர். பென்சில்வேனியாவின் நான்டிகோக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். சிறுவயதில் ஒரு விபத்தில் வலது கை முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. பிறவியில் வலக்கைக்காரர் வேறு! இடது கையாலேயே எல்லாம் பழகி, அவுட்ஃபீல்டர் ஆனார், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர்.

அவர் ஃபீல்டிங் செய்த விதத்தைக் கேள். இடது கையுறையில் பந்தைப் பிடிப்பார். உடனே கையுறையை வலது கையின் மிச்சத்துக்கு அடியில் இடுக்கிக்கொள்வார். பந்து மார்பின் குறுக்கே உருண்டு வரும். விடுபட்ட இடது கையால் எடுத்து எறிந்துவிடுவார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

1944இல் மைனர் லீக் என்ற இரண்டாம் நிலைப் போட்டியில், மெம்ஃபிஸ் அணியில் .333 சராசரி, அதாவது மூன்று முறை ஆடினால் ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைப் பிடிப்பது). அந்த லீகின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான். மறு வருடம் பெரிய லீகில், அதாவது முதல்நிலைப் போட்டியில், செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு ஆடினார். நட்சத்திரங்கள் பலர் இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்த நேரம். 77 ஆட்டம், 51 ஹிட், சராசரி .218. மட்டையைச் சுழற்றத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த ஒற்றைக் கையால் முடியாது. பந்துவீச்சாளர்கள் அதைப் புரிந்துகொண்டு வேகம் குறைந்த பந்துகளாகப் போட்டார்கள். போர் முடிந்தது, பழைய வீரர்கள் திரும்பினார்கள், இவர் மைனர் லீகுக்குப் போனார். பெரிய லீகில் அந்த ஒரு சீசன்தான்.

கூட்டம் சேர்க்கக் கொண்டுவந்த வேடிக்கைப் பொருள் என்று அவரைச் சொல்வதுண்டு. எனக்குக் கோபம் வருகிறது, சுந்தரம். மெம்ஃபிஸில் அடித்த ஹிட்களை யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லையே! போரில் கை இழந்த சிப்பாய்களை அவர் மருத்துவமனைகளில் போய்ப் பார்த்திருக்கிறார். ஒற்றைக் கையோடு பெரிய லீகில் ஆடும் மனிதர் கட்டில் பக்கத்தில் வந்து நிற்கும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, தை மாதம் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

அன்புடன்,
ராமநாதன்