வக்கீல் ஆகும் முன் ஒரு வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய சட்டக் கல்லூரிகளுக்கு, வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் கண்காணிக்கிற இந்திய பார் கவுன்சில் 2025 ஆகஸ்டில் மூன்று வருடத் தடை போட்டதிலிருந்து, கல்லூரிகள் பெருகியதால்தான் வக்கீல்களின் தரம் போய்விட்டது என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. தாராபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன்.

எங்கள் பக்கம் அரசு சட்டக் கல்லூரி என்றால் ரொம்ப காலம் கோவை ஒன்றுதான். 2019ல் சேலத்திலும் நாமக்கல்லிலும் வந்த பிறகு, குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்பிள்ளை நாமக்கல் போய்ப் படித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்ப முடிகிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? தரம் தரம் என்று கவலைப்படுகிறவர்களில் பலர் அப்பா ஆபீசிலேயே ஜூனியராக உட்கார்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு தம்பி அரசியல் சட்டத்தின் பிரபலமான கேசவானந்த பாரதி வழக்கை மடமடவென்று ஒப்பிப்பார். தோட்டத்துத் தடப் பாத்தியத்துக்கு, அதாவது வழிநடை உரிமைக்கு, கோர்ட்டில் போடும் பிராது (வழக்கு மனு) எழுதச் சொன்னோம். சொத்து விவரம் எழுதும் தபசிலில் சர்வே நம்பர் இருந்தது. தடத்தின் நீள அகலமும் இல்லை, நாலு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியும் இல்லை. கோர்ட்டில் வழக்கு நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் வந்தது. செக் திரும்பி வந்த கேஸும் இப்படித்தான். செக் திரும்பியதென்று பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். அந்த நாளைத் தப்பவிட்டால் கேஸே நிற்காது, பணம் வர வேண்டிய பனியன் கம்பெனிக்காரர் நம் ஆபீஸ் வாசலில் நிற்பார். இதெல்லாம் கல்லூரியில் பாடமாக இருக்கிறது, கைப்பழக்கம் ஆவதில்லை.

1995ல் பார் கவுன்சில், வக்கீலாகப் பதியும் முன் சீனியரிடம் ஒரு வருடப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அப்படி விதி போட அதற்கு அதிகாரம் இல்லை என்று 1999ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் வந்தது, சட்டம் படித்தவர் வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, விடையை டிக் அடித்தால் போதும், ஒரு வரி பிராது எழுத வேண்டியதில்லை. வழக்கறிஞர் சட்டத்தையே திருத்திப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவரலாமே?

சரி, அந்த ஒரு வருடம் சாப்பாட்டுக்கு என்ன வழி? ஜூனியர்களுக்குக் கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊரில் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்தாலே பெரிய மனசு. அதனால் பயிற்சிப் பணத்தை சீனியர் தலையில் கட்டாமல், அரசும் பார் கவுன்சிலும் பங்கு போட்டுத் தரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
தாராபுரம்.