கடைசி இடத்தில் இருப்பவரைத் துரத்தினால் லீக் பிழைத்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தோற்றுக்கொண்டே இருக்கும் பல்கலைக்கழகங்கள் தங்கள் கான்பரன்ஸையும் சேர்த்துக் கெடுக்கின்றன, அவர்களைக் கழற்றிவிட்டால்தான் மற்றவர்கள் உருப்படுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த ஊர் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆட்டத்தைக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கும் கொஞ்சம் பேரில் நானும் ஒருவன், அதனால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். கான்பரன்ஸ் என்றதும் மாநாடு என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் கூடித் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் லீக், அவ்வளவுதான். டிவி உரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் வருபவர்கள் தானாகக் கீழ் டிவிஷனுக்கு இறங்குவார்களே, அந்த வழக்கம் இங்கே கிடையாது. வெளியே அனுப்ப வேண்டுமானால் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பப்பட்டதுதான் டெம்பிள்.

1991-ல் பிக் ஈஸ்ட் கான்பரன்ஸில் ஃபுட்பாலுக்கு மட்டும் டெம்பிளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் படுமோசம், அதை மறைக்க வேண்டியதில்லை. 1991 முதல் 2008 வரை ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்ததில்லை. கூட்டம் வரவில்லை, செலவழிக்கவும் பணம் இல்லை. 2001-ல் மற்ற பல்கலைக்கழகத் தலைவர்கள் ஓட்டுப் போட்டு வெளியேறச் சொன்னார்கள். 2004 சீசனோடு போய்விட்டது. அதே காலத்தில் அதே லீக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் அடி வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரட்கர்ஸ் எல்லா விளையாட்டுக்கும் சேர்ந்த முழு உறுப்பினர், அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை. வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பது இங்கேயும் உண்டு.

சரி, இந்தச் சோப்ளாங்கி அணியால் பிக் ஈஸ்ட் எவ்வளவு கெட்டுப்போனது? 1998-ல் அதுவரை ஒரு வெற்றிகூட இல்லாமல் இருந்த டெம்பிள், அந்த சீசனில் தோல்வியே காணாமல் இருந்த அதே லீக்கின் வர்ஜீனியா டெக்கை அவர்கள் ஊரிலேயே 28-24 என்று கவிழ்த்தது. உங்கள் கட்டுரையின் கணக்குப்படி அந்த லீக்கின் மானம் அன்றே கப்பல் ஏறியிருக்க வேண்டும். அடுத்த சீசனிலேயே வர்ஜீனியா டெக் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. டெம்பிளை வெளியேற்ற ஓட்டுப் போட்ட 2001 இருக்கிறதே, அந்த சீசனின் தேசிய சாம்பியன் யார் தெரியுமா? பிக் ஈஸ்டின் மயாமி. டெம்பிள் கீழே கிடந்தபோதே மேலே இருந்தவர்கள் ஏறத்தான் செய்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. டெம்பிள் கடைசி சீசனை ஆடிக்கொண்டிருந்த அந்த 2004-லேயே மயாமியும் வர்ஜீனியா டெக்கும் பிக் ஈஸ்டை விட்டு ஏசிசி என்ற போட்டி லீக்குக்குப் போய்விட்டன. மறு வருடம் பாஸ்டன் கல்லூரியும் அதே வழி. 2012-ல் வெஸ்ட் வர்ஜீனியா, 2013-ல் சிரக்யூஸும் பிட்ஸ்பர்கும். ஆள் குறைந்து போனதும் யாரைக் கூப்பிட்டார்கள்? 2012-ல் டெம்பிளை! நோஞ்சான் என்று துரத்திய லீக்கே எட்டு வருடத்தில் அவனையே திரும்ப அழைத்துக் களத்தில் இறக்கியது. அடுத்த வருடமே லீக் இரண்டாகப் பிளந்து, பிக் ஈஸ்ட் என்ற பெயரைக் கூடைப்பந்துக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டு போக, மிச்சம் இருந்தவர்கள் அமெரிக்கன் கான்பரன்ஸ் என்று புதுப் பலகை மாட்டினார்கள். அதில் 2016-ல் நேவி என்ற கடற்படைக் கல்லூரி அணியை 34-10 என்று ஜெயித்து சாம்பியன் ஆனது டெம்பிள்.

மேற்குக் கடற்கரையின் பேக்-12 என்ற லீக்கின் கதை இன்னும் அண்மையது. அதன் கடைசி வரிசை அணிகளா அதைக் கவிழ்த்தன? 2022-ல் யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் டிவி பணத்துக்காகப் பிக் டென் என்ற இன்னொரு லீக்குக்குப் போகிறோம் என்று அறிவித்தன, நல்ல டிவி ஒப்பந்தம் கிடைக்காமல் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 2024-ல் அந்தப் பெரிய வீட்டில் ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே பேர்.

கட்டுரையில் சொன்ன ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பலவீனமான அணியை ஜெயித்தால் தரவரிசை போடுகிறவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. அரைகுறைக் கூட்டத்தை டிவியில் காட்டினால் மொத்த லீக்குக்கும் அழகில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சீசனில் 12 ஆட்டம், அதில் எட்டு ஒன்பது கான்பரன்ஸுக்குள்ளேயே. உள்ளே ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். டெம்பிள் தோற்ற ஆட்டம் எல்லாம் யாரோ ஒருவரின் வெற்றிக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. சீசன் முடிந்து பௌல் என்ற கௌரவ ஆட்டத்துக்குப் போக 6 வெற்றி வேண்டும் என்பதால், நடுவில் தத்தளிக்கும் அணிகளுக்கு அந்த ஒரு வெற்றி எவ்வளவு பெரிது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். கடைசி ஆளை அனுப்பிவிட்டால் அதற்கு முந்தின ஆள் கடைசி ஆகிறான், அப்புறம் அவனையும் அனுப்புவதா?

எஸ்இசி என்ற தென் மாநில லீக்கைப் பாருங்கள். 1932-ல் அது தொடங்கியபோதே இருந்த வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம், பெரும்பாலான வருடங்களில் மற்றவர்களிடம் உதை வாங்கியதுதான். 2023-ல் கான்பரன்ஸுக்குள் ஆடிய 8 ஆட்டமும் தோல்வி. இருந்தும் டிவி பணத்தில் மற்றவர்களைப் போலவே அதற்கும் பங்கு உண்டு, அதனால் எஸ்இசி ஏழையாகிவிடவில்லை. 2024 அக்டோபர் 5 அன்று நம்பர் 1 இடத்தில் இருந்த அலபாமாவைத் தங்கள் ஊரான நாஷ்வில்லில் 40-35 என்று ஜெயித்தார்கள். மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, பிராட்வே தெரு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோய் கம்பர்லேண்ட் ஆற்றில் தள்ளினார்கள். நம்ம ஊர் பிள்ளையார் கரைப்பு மாதிரியே இருந்தது, டிவி முன்னால் உட்கார்ந்து நானும் என் மகனும் கைதட்டினோம். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதற்கு 1,00,000 டாலர் அபராதம் போட்டது எஸ்இசி. அந்த ஒரு ராத்திரிக்கு அந்த லீக்கைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை, அந்த விளம்பரத்தின் விலையோடு பார்த்தால் அபராதம் சில்லறை.

டெம்பிள் பிறகு மறுபடி சரிந்தது உண்மைதான். 2021 முதல் 2024 வரை நான்கு சீசனிலும் 3 வெற்றி, 9 தோல்வி, ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. டெம்பிள் ஆடுவது ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணியின் மைதானத்தில்; 65,000 பேருக்கு மேல் கொள்ளும் அங்கே சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் பாப்கார்ன் விற்பவர் கூவுவது இங்கே கேட்கும். ஆனால் இதே மைதானத்தில் 2015-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 27-10 என்று அடித்தார்கள். 1941-க்குப் பிறகு அவர்களிடம் பெற்ற முதல் வெற்றி, அன்றைக்கு உட்கார இடமில்லை.

அடுத்த கட்டுரை எழுதுவதற்கு முன் உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லியனுப்புங்கள். டிக்கெட் என் செலவு. சீட் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம், காலை நீட்டிக்கொண்டே பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், பிலடெல்பியா