பாப்பாவுக்கு: ‘லைட்’ என்ன சொல்?

குன்னூர்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ‘லைட்’ நவுனா வெர்பா, அதாவது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான், இரண்டும்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன் என்றாய். நீ சொன்னது தப்பில்லை. ஆனால் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அது போதாது. இங்கே மழைக்கு சிக்னல் விட்டு விட்டு வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

சொல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இது என்ன வகை என்று கேட்டால், ஆங்கிலத்தில் நிறைய சொற்களுக்குப் பதிலே கிடையாது. வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ‘டர்ன் ஆஃப் த லைட்’, அங்கே நவுன். ‘லைட் த ஸ்டவ்’, அங்கே வெர்ப். ‘எ லைட் பேக்’ என்றால் பையின் கனத்தைச் சொல்கிற அட்ஜெக்டிவ். ‘டிராவல் லைட்’ என்றால் எப்படிப் பயணம் போவது என்று சொல்கிற அட்வெர்ப். ஓர் எழுத்துகூட மாறவில்லை, பார். (வெளிச்சம் தருகிற லைட்டும் கனமில்லாத லைட்டும் பிறப்பிலேயே வேறு வேறு சொற்கள். அதை அவனுக்கு இப்போதே சொல்ல வேண்டாம்.)

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் பிடிபடுவதில்லை தெரியுமா? தமிழில் சொல் தன் அடையாளத்தை வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. போன வாரம் நம் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் காட்டெருமை ஒன்று நின்றது. தம்பி கதவைத் திறந்ததும் தலையைத் தூக்கி அவனையே பார்த்தது. ‘காட்டெருமை தம்பியைப் பார்த்தது’ என்றாலும் ‘தம்பியைக் காட்டெருமை பார்த்தது’ என்றாலும் பார்த்தது காட்டெருமைதான். அந்த ‘ஐ’ காட்டிக்கொடுத்துவிடும். ‘த பைசன் சா த பாய்’ என்பதை மாற்றிப் போட்டால் பார்த்தவன் பையன் ஆகிவிடுவான். ஆங்கிலத்தில் இடம்தான் உருபு. இதை மட்டும் ஒரு வாரம் நடத்தினாலும் சரி, அவசரப்படாதே.

பிரிபொசிஷனுக்கு, அதாவது ‘டு’, ‘இன்’ மாதிரி பெயருக்கு முன்னால் வருகிற சொல்லுக்கு, நம் மலை ரயிலைச் சொல்லிக் கொடு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். தமிழ் வேற்றுமை உருபும் அப்படிப் பின்னால்தான் நிற்கும்: குன்னூருக்கு, குன்னூரில். ஆங்கிலத்தில் ‘டு குன்னூர்’, ‘இன் குன்னூர்’ என்று முன்னால் நின்று இழுக்கும், கீழே சமவெளியில் ஓடுகிற ரயில் மாதிரி. ‘இன் த கார்’, ஆனால் ‘ஆன் த பஸ்’. நமக்கு இரண்டும் ‘இல்’தான். அதற்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் வாய்க்குப் பழக்கிவிடு.

‘டீ ஃபேக்டரி’யில் வருகிற டீ அட்ஜெக்டிவா என்று அடுத்து கேட்பான். முன்னால் ‘வெரி’ போட்டுப் பார்க்கச் சொல். ‘வெரி லைட் பேக்’ நிற்கும், ‘வெரி டீ ஃபேக்டரி’ நிற்காது. நம் ‘தேயிலைத் தோட்டம்’ மாதிரி அதுவும் பெயருக்கு முன்னால் வந்த இன்னொரு பெயர்தான்.

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு வகையாக வைத்தார். ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் வழக்கமாக எட்டு. ‘எ’, ‘ஆன்’, ‘த’ மூன்றையும் முன்பு அட்ஜெக்டிவில் சேர்த்தார்கள், இப்போது டிடெர்மினர் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். எண்ணிக்கை கூடும், குறையும். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதே.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘ஆஃப்டர்’ பிரிபொசிஷன் என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தேன். பரீட்சையில் ‘ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்டு, வி வென்ட் ஹோம்’ என்று ஒரு வாக்கியம். ஒரு பெண் கன்ஜங்ஷன், அதாவது வாக்கியங்களை இணைக்கிற சொல், என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். “சார், பின்னால ஒரு வெர்ப் இருக்கே சார்” என்று பேப்பரை நீட்டினாள். போர்டைப் பார் என்றேன். விரலை அந்த ‘ஸ்டாப்டு’ மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் போய் உட்கார்ந்துவிட்டாள். ‘ஆஃப்டர் த ரெயின்’ என்று நின்றிருந்தால் நான் சொன்னது சரி. பின்னால் வெர்போடு முழு வாக்கியம் வந்ததால் அவள் எழுதியதுதான் சரி. எனக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு மார்க் இன்னும் என்னிடமே இருக்கிறது.

அந்தப் பையனிடம் ‘லைட்’ வைத்து நான்கு வாக்கியம் எழுதி வரச் சொல். அவன் எழுதுவதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, திருத்தாமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா