ஆண்டறிக்கை: முதலில் வடிகால், அப்புறம் சாலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பகுதிவாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று ஒரு பட்டியல் வாசிப்பது வழக்கம். அந்தக் கணக்கெல்லாம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம் பகுதியில் இந்த ஆண்டு நடந்த வேலைகளையும், அவை எந்த வரிசையில் நடந்தன என்பதையும் மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். வருடம் முழுக்க நாம் சண்டை போட்டதே அந்த வரிசைக்காகத்தான்.

சாலை போடப் போகிறார்கள் என்ற தகவல் வந்ததும் பாதிப் பேர், "குண்டும் குழியுமாகக் கிடப்பதற்கு எப்படியோ போட்டுவிட்டுப் போகட்டும்" என்றார்கள். செயற்குழுவோ, மழைநீர் வடிகால் முடியாமல் தார் ஊற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. வீடு தேடி வந்த சாலையைத் திருப்பி அனுப்புகிறீர்களே என்று நன்றாகவே திட்டு வாங்கினோம். வாட்ஸ்அப் குழுவில் வந்ததை எல்லாம் இங்கே வாசிக்கப் போவதில்லை.

ஆனால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். சாலையை வண்டிகள் கெடுப்பதைவிடத் தண்ணீர் கெடுப்பது அதிகம். சுமையைக் கடைசியில் தாங்குவது அடியில் இருக்கும் மண். அது காய்ந்திருக்கும்வரை தாங்கும், ஊறிவிட்டால் இளகி உட்காரும், மேலே இருக்கும் தாரும் கூடவே உடையும். 1816இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் லௌடன் மக்காடம் பிடித்த பிடி இதுதான். சாலையைச் சுற்றியுள்ள தரையைவிட உயர்த்தி, நடுவில் லேசாக மேடாக்கி, ஓரத்தில் தண்ணீர் போக வழிவிட்டு, அதன்பிறகுதான் ஜல்லியைப் பரப்பினார். அவர் போட்ட சாலைகளில் தாரே கிடையாது. அப்படியும் நின்றன.

சரி, வடிகாலுக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 200 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள தெருவில் ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் கொட்டினால் தெருவின் மேல் விழுவது மட்டும் 80,000 லிட்டர். விநாடிக்கு 22 லிட்டர். இரண்டு பக்கத்து மொட்டைமாடித் தண்ணீரும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும். "அரையடிக் கால்வாய் போதாதா?" என்று போன கூட்டத்தில் கேட்ட உறுப்பினருக்கு இதுதான் பதில்.

அகலம் ஆழம் எல்லாம் இருந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால் வாட்டம் இல்லை என்று அர்த்தம். 200க்கு 1 என்று வாட்டம் வைத்தால், 200 மீட்டர் போவதற்குள் வடிகாலின் தரை ஒரு மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கிப் போய்ச் சேரும் பெரிய கால்வாயின் நீர்மட்டம் அதைவிடத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். அது நிரம்பி நின்றால் தண்ணீர் வந்த வழியே நம் தெருவுக்குத் திரும்பும். அதனால் வேலையைக் கால்வாய் முனையில் தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுவரச் சொன்னோம். கான்ட்ராக்டர் தரப்பில் நடுத்தெருவில் தோண்டத் தொடங்கிவிட்டார்கள், அங்கேதான் வண்டி நிறுத்த இடம் இருந்ததாம். நடுவில் தொடங்கினால் இரண்டு முனையிலும் மட்டத்தை ஒட்டவைக்க வேண்டியிருக்கும், கடைசியில் எங்காவது ஒரு தூக்கல் விழும். உதவிப் பொறியாளரை நேரில் வரவழைத்துக் கால்வாய் முனையைக் காட்டிய பிறகுதான் இயந்திரம் அங்கே நகர்ந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

அப்படியும் ஒரு தூக்கல் விழத்தான் செய்தது. கடைசிக் குறுக்குத் தெருவில் மேல்மூடி போட வேண்டிய நாளன்று காலையில், நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுத் தோட்டக் குழாயை இழுத்து வந்து வடிகாலின் மேல்முனையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடி வந்தது. பாதி வழியில் ஓரிடத்தில் தயங்கி, குளமாக நின்று, பிறகுதான் அந்தப் பக்கம் வழிந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "மழை வந்தா தள்ளிக்கிட்டுப் போயிடும்மா" என்றார். "தண்ணியைத் தள்ளும் தம்பி, மணலைத் தள்ளுமா?" என்று கேட்டார் அம்மா. மட்டக்குழாய் வைத்துப் பார்த்தால் தரை இரண்டு விரற்கடை தூக்கி நின்றது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்து மறுபடி பூசினார்கள். அந்த மேஸ்திரிக்கும் நன்றி சொல்ல வேண்டும், முகம் சுளிக்காமல் செய்தார்.

அம்மா கேட்டதில் விஷயம் இருக்கிறது. ஓட்டம் விநாடிக்கு 0.6 மீட்டராவது இருந்தால்தான் தண்ணீர் மணலைக் கூடவே அடித்துக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் மணல் அங்கேயே படியும், படிந்த இடத்தில் பிளாஸ்டிக் பை சிக்கும், அப்புறம் தூர்வார ஆள் கேட்டு மனு எழுத வேண்டியதுதான். மூடி போட்ட பிறகு இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. அடுத்து எந்தத் தெருவில் வடிகால் வேலை நடந்தாலும் மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பார்ப்பது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை, ஒரு குழாய் போதும்.

கான்கிரீட் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கச்சுவர் ஊற்றும்போது கலவை கெட்டியாக இருந்தால் வேலை ஓடாது என்று பைப்பை வைத்துத் தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, சிமென்ட் எடையில் 0.45 பங்கு என்ற விகிதத்தில், தண்ணீர் 22, 23 லிட்டர்தான் வருகிறது, அதிலும் ஈரமணலில் இருப்பதைக் கழிக்க வேண்டும். தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918லேயே சோதித்துக் காட்டிவிட்டார். ஊற்றிய பிறகோ நிலைமை தலைகீழ். அப்போதுதான் தண்ணீர் தாராளமாக வேண்டும், குறைந்தது ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. நம் தெருக்களில் ஈரச்சாக்கு போடுவதோடு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மிச்ச நாட்கள் சாக்கை நனைத்தது அந்தந்த வீட்டுக்காரர்கள். அது அவர்கள் வேலை இல்லைதான். ஆனாலும் செய்தார்கள்.

வடிகால் முடிந்த தெருக்களுக்கு மட்டும் சாலை வந்தது. இந்த முறை பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட்டார்கள். மேலுக்கு மேல் போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் நாலைந்து சென்டிமீட்டர் தெரு ஏறும், நாலைந்து தடவை ஆனபின் வீட்டு வாசல் பள்ளத்தில் இருக்கும். பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு வேண்டும் என்று கேட்டிருந்தோம். நூல் கட்டிப் பார்த்ததில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஒரு தெருவில் மட்டும் கலவை லாரி நெரிசலில் மாட்டி நேரம் கழித்து வந்தது. தார்க்கலவையைச் சுமார் 140 டிகிரிச் சூட்டில் பரப்பி, 90க்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடித்துவிட வேண்டும். ஆறிய கலவை எத்தனை முறை ரோலர் ஓடினாலும் இறுகாது. அந்தத் தெருவில் ஜல்லி இப்போதே பெயரத் தொடங்கியிருக்கிறது. பராமரிப்புக் காலத்துக்குள் சரிசெய்து தரும்படி படங்களோடு கடிதம் போயிருக்கிறது.

மேன்ஹோல் மூடிகளைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தித் தந்தது இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. சின்ன வேலைதான், இருசக்கர வண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டி ஓடும் பாதையில் வைக்கும் மூடியில் டி400 என்று பொறித்திருந்தால் அது 40 டன் அளவுக்குச் சோதித்த மூடி. நடைபாதைக்கான பி125 மூடியை நடுச்சாலையில் வைத்தால் லாரி ஏறும் வரைதான் இருக்கும். அப்படி ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்து மாற்றச் செய்தோம்.

மனம் கசந்த விஷயம் ஒன்று உண்டு. தார் மணம் போவதற்குள் கேபிள் போட வந்த ஒரு நிறுவனம் சாலையைக் குறுக்கே வெட்டியது. அனுமதிக் கடிதம் கையில் இருந்தது, தடுக்க வழியில்லை. வெட்டிய மண்ணையும் கட்டிட இடிபாட்டையும் மொத்தமாகத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். குழியை 15, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் உட்காரும். உட்கார்ந்தது. அதற்குப் பிறகு சாலை வந்த தெருக்களில், தார் போடுவதற்கு முன்பே குறுக்கே காலிக் குழாய்களைப் பதித்து வைக்கச் சொல்லிக் கேட்டோம், இரண்டு சந்திப்புகளில் செய்தும் தந்தார்கள். இனி வரும் கேபிளை அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம்.

குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. இதில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் குடிநீர் மேலே, சாக்கடை கீழே, நடுவில் 45 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தண்ணீர் விடாத நேரத்தில் காலியான குழாய் விரிசல் வழியே வெளியில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. நம் குறுகலான சந்துகளில் 3 மீட்டருக்கு இடமே கிடையாது, அங்கே குடிநீர் மேலே, சாக்கடை கீழே என்ற மட்டத்தையாவது விடாமல் கேட்போம்.

நடைபாதை இரண்டு பெரிய தெருக்களில் வந்திருக்கிறது. 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாய்தளம் 12க்கு 1 என்றால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். முதலில் வைத்தது அதில் பாதிகூட இல்லை. சக்கர நாற்காலி பயன்படுத்தும் நம் உறுப்பினரே வந்து ஏற முயன்று காட்டினார், அதன்பின் இடித்துக் கட்டினார்கள். பார்வையற்றோருக்கான மஞ்சள் ஓடுகளில் நீளக்கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும் என்று பொருள். ஜப்பானில் செய்ச்சி மியாகே வடிவமைத்து 1967இல் ஒகயாமாவில் முதலில் பதித்த முறை இது. இங்கே ஓரிடத்தில் கோட்டு ஓடுகள் நேராக மின்பெட்டியில் போய் முட்டுகின்றன. அழகுக்காகப் பதித்ததாக நினைத்தார்கள் போலிருக்கிறது. மாற்றக் கேட்டிருக்கிறோம்.

தெருவிளக்குகள் எல்லாம் எல்இடி ஆகிவிட்டன. எரியாத கம்பங்களின் எண்களைத் துணைச் செயலாளரிடம் கொடுங்கள். சில இடங்களில் இருட்டுக்குக் காரணம் கிளைகள்தான், மரத்தை வெட்டச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட்டே கான்கிரீட் போடச் சொல்லியிருக்கிறோம். பூங்காவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, வேலி மட்டும் வந்திருக்கிறது.

இனி நமக்குள் பேச வேண்டியது. புதிய வடிகாலில் மழை இல்லாத நாளிலும் கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. யார் வீட்டுக் கழிவுநீர் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், இங்கே சொல்லவில்லை. இதற்கு நேரெதிராகச் சிலர் மாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் அவ்வளவு தண்ணீருக்குப் போட்டதில்லை, அதனால்தான் பெருமழையில் தாழ்வான வீடுகளின் கழிவறையில் எதிர்த்து வருகிறது. கார் ஏறுவதற்காக வாசலில் சிமென்ட் மேடு போட்டு வடிகால் வாய்களை அடைத்தவர்களும் உண்டு. அதிகாரிகளிடம் நாம் எதையாவது கேட்கப் போனால் அவர்கள் முதலில் கைகாட்டுவது அந்த மேடுகளைத்தான், நமக்கும் பதில் இருப்பதில்லை.

மீதமிருக்கும் தெருக்களுக்குச் செயற்குழு கேட்கப் போகும் வரிசை இது: குடிநீர், சாக்கடை, கேபிள் குழாய், வடிகால், நடைபாதை, எல்லாவற்றுக்கும் பிறகு தார். சாலைக்காகக் காத்திருக்கும் தெருக்காரர்கள் இன்னொரு மழைக்காலத்தைச் சேற்றில் கழிக்க வேண்டி வரலாம். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் வரிசையை மாற்றிக் கேட்பதாக இல்லை.

வேலை நடக்கும் இடங்களுக்கு வெயிலில் வந்து நின்ற உறுப்பினர்களுக்கும், நம் நச்சரிப்பைத் தாங்கிக்கொண்ட தொழிலாளர்களுக்கும் நன்றி. பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். தெருவுக்கு இருவர் கொண்ட பார்வைக்குழு அமைப்பது ஒன்று. தவறான இணைப்புகளையும் வாசல் மேடுகளையும் அடுத்த மழைக்கு முன் வீட்டுக்காரர்களே சரிசெய்துகொள்வது மற்றொன்று. இரண்டையும் விவாதித்து, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்