அந்த பேரிங்க தொட்டுப் பாரு கண்ணு

கண்ணு,

நேத்து ராத்திரி நீ பாதியில போன வச்சிட்ட. உங்கம்மா என்னாச்சுன்னு கேட்டா, சிக்னல் இல்லன்னு சொல்லி சமாளிச்சிட்டேன். ஆனா நீ சொன்னது எல்லாமே காதுல நல்லாத்தான் விழுந்துச்சு. "நான் எலக்ட்ரிகல் புடிச்சுத்தான் இந்த கோர்ஸ்ல சேர்ந்தேன், இந்த தெர்மோன்ற சூட்டு பாடம், மெஷின் டிசைன் எல்லாம் எதுக்குப்பா என் தலையில கட்டுறாங்க"ன்ன. எனக்கு சட்டுனு பதில் வரல. வந்திருந்தாலும் உனக்கும் கோவம் எனக்கும் கோவம், சண்டையில போய் நின்னிருக்கும். அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி.

ஒண்ணு முதல்லயே ஒத்துக்கறேன். நீ பேசின இதே பேச்ச நான் சர்வீஸ் பூரா பேசினவன், என்ன, நான் அந்தப் பக்கம் நின்னு பேசினேன். மெக்கானிகல் டிப்ளமோ முடிச்சு மெயின்டனன்ஸ்ல சேர்ந்த நாள்லருந்து பேனல் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன், "அது கரண்டுக்காரங்க வேல"ன்னு ஸ்பேனரோட நகர்ந்துருவேன். அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, மோட்டார்ல கிர்ருனு சத்தம் வந்தா போதும், "மெக்கானிகல் ப்ராப்ளம், ஃபிட்டர கூப்பிடு"ம்பாங்க.

உன்கிட்ட சொல்லாத கதை ஒண்ணு இருக்கு, சொல்ற அளவுக்கு அதுல எனக்கு பெருமை இல்ல, அதான் சொல்லல. எங்க பிளான்ட்ல ஒரு தண்ணி பம்பு, அதுக்கு 15 கிலோவாட் மோட்டார், 4 போல், பிளேட்ல 1460 ஆர்பிஎம்னு இருக்கும். ரொம்ப வருஷம் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்ல சமர்த்தா ஓடிட்டு இருந்துச்சு. கரண்ட் மிச்சமாகும், ஸ்பீட கூட்டி குறைச்சுக்கலாம்னு ஸ்டார்ட்டர எடுத்துட்டு, டிரைவ்னு மோட்டார் ஸ்பீட மாத்தற ஒரு எலக்ட்ரானிக் பெட்டிய மாட்டினாங்க. மாட்டி கொஞ்ச மாசத்துல ஷாஃப்ட்ட தாங்கி சுத்த விடற பேரிங் கத்த ஆரம்பிச்சிருச்சு. மாத்தினேன். திரும்ப கத்துச்சு, திரும்ப மாத்தினேன். மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் மோட்டாரையும் பம்பையும் சேர்க்கற கப்ளிங்ல டயல் கேஜ் வச்சு, ஷிம் போட்டு, அலைன்மென்ட்ட 0.05 மில்லிக்குள்ள கொண்டு வந்தேன், கிரீஸ் கூட வேற போட்டுப் பார்த்தேன், கடைசியில பேரிங்கே டூப்ளிகேட்னு வாங்கிட்டு வந்தவன புடிச்சு திட்டினேன் பாவம். எலக்ட்ரிகல் ஆளுங்க இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற மெகர் மீட்டர வச்சு வைண்டிங்க, அதான் மோட்டார் உள்ள இருக்கற கம்பிச் சுருள, பார்த்துட்டு "எங்க சைடு க்ளீன்"னு கைய துடைச்சுட்டு போயிட்டாங்க. அது பொய்யும் இல்ல, வைண்டிங் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பதான் புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு சேர்ந்திருந்தா, உன்ன விட நாலு வயசு கூட இருக்கும். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கழட்டின பேரிங் எங்கண்ணே?" ஸ்கிராப்ல போட்டாச்சும்மான்னேன். அவளே போய் ஸ்கிராப் டப்பாவ கிளறி எடுத்துட்டு வந்து இத வெட்டிக் குடுங்கன்னா. கட்டிங் வீல்ல நான்தான் வெட்டினேன். வெளி ரேஸ், அதான் வெளி வளையம், ரெண்டா பிளந்துச்சு, கிரீஸ துடைச்சுட்டு பார்க்கறேன், பால் ஓடுற பாதை முழுக்க குறுக்கால வரி வரியா இருக்கு, கூரைக்கு போடுற தகர ஷீட்ட பொம்மை சைஸ்ல செஞ்சு வளைச்சு வச்ச மாதிரி, சீப்பு பல்லு கணக்கா ஒரே இடைவெளி. தேஞ்ச பேரிங் பார்த்திருக்கேன், செதில் செதிலா உதிர்ந்தது பார்த்திருக்கேன், துரு புடிச்சது பார்த்திருக்கேன், இப்படி வரி போட்டு பார்த்ததே இல்ல. பார்த்ததில்லன்னு சொல்றது கூட தப்பு, வெட்டிப் பார்த்ததில்ல. மூணையும் என் கையாலதான கழட்டி தூக்கிப் போட்டேன்.

அவ சொன்னது எனக்கு புரியறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. நேரா லைன்லருந்து வர்ற த்ரீ ஃபேஸ் சைன் வேவா இருக்கறதால எந்த நொடியில கூட்டினாலும் மூணும் சேர்ந்து ஜீரோ ஆயிரும். டிரைவ் அப்படி இல்ல, டிசிய செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ ஆன் ஆஃப் பண்ணி சைன் மாதிரி காட்டுது, அதுல மூணையும் கூட்டினா ஜீரோ வராது. மிச்சம் நிக்கற அந்த வோல்டேஜ் அசையாம நிக்கற ஸ்டேட்டருக்கும் சுத்தற ரோட்டருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியவே ஒரு கெப்பாசிட்டரா வச்சு தாண்டி வந்து ஷாஃப்ட்ல ஏறிக்குது. ஷாஃப்டுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கறது பேரிங்ல படிஞ்ச கிரீஸ் படலம் மட்டும்தான், அது தாங்கற வரைக்கும் தாங்கும், தாங்கலன்னா அத பொத்துக்கிட்டு பொறி பாயும். பொறி பட்ட இடம் ஊசி முனை அளவுக்கு உருகி குழியாகும். கோடிக்கணக்கான குழி, அது மேல பால் ஓடி ஓடி கடைசியில அந்த வரி. ஷாஃப்ட்ல பிரஷ் வச்சு, வோல்டேஜ அலையா திரையில காட்டற ஸ்கோப்ப மாட்டி அந்த வோல்டேஜ கண்ணால காட்டினா. அப்புறம் அந்த வோல்டேஜ் பேரிங் வழியா போகாம நேரா எர்த்துக்கு போகட்டும்னு ஷாஃப்டுக்கு எர்த்திங் பிரஷ் போட்டோம், அதோட அந்த மோட்டார் அடங்குச்சு.

இப்ப நீயே சொல்லு, அது எலக்ட்ரிகல் ஃபால்ட்டா மெக்கானிகல் ஃபால்ட்டா? எங்க ரெண்டு கோஷ்டியும் அவங்கவங்க பாகத்த சரியாத்தான் பார்த்தோம், ரெண்டு பேரும் தப்பு பண்ணல, அப்படியும் மூணு பேரிங் போச்சு.

தெர்மோ எதுக்குன்னு கேட்டல்ல. உங்க எலக்ட்ரிகல் மெஷின்ஸ் புக்குலயே இன்சுலேஷன் எவ்வளவு சூடு தாங்கும்னு கிளாஸ் கிளாஸா பிரிச்ச ஒரு டேபிள் இருக்கும் பாரு, கிளாஸ் பி 130 டிகிரி, எஃப் 155, ஹெச் 180. அந்த நம்பர் எல்லாமே சூட்டு கணக்குதான? தாங்கற அளவுக்கு மேல பத்து டிகிரி ஏறினா இன்சுலேஷன் ஆயுசு பாதியா குறையும்னு வைண்டிங் கட்டறவங்க கைக்கணக்கா சொல்லுவாங்க. தூசி படியக் கூடாதுன்னு ஓடுற மோட்டார் மேல தார்ப்பாய் போத்தி விட்ட மகராசன் ஒருத்தன் எங்க ஷிஃப்ட்ல இருந்தான், ஃபேன் இழுக்கறதுக்கு காத்து இல்லாம அது எரிஞ்சே போச்சு. அவனுக்கு ஓம்ஸ் லா தலைகீழா தெரியும்.

இன்னொண்ணு, லீவுக்கு வந்தப்ப உன் நோட்டு ரெண்ட விட்டுட்டு போயிட்ட, சும்மா புரட்டினேன். வைப்ரேஷன் நோட்டுல ஒரு வெயிட்டு, ஒரு ஸ்ப்ரிங், ஆட்டத்த அடக்கற ஒரு டேம்பர் படம் போட்டு கீழ ஒரு ஈக்வேஷன் எழுதியிருக்க. சர்க்யூட் நோட்டுல ஆர்எல்சி சீரிஸுக்கு ஒண்ணு எழுதியிருக்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. வெயிட்டு இருக்கற இடத்துல இண்டக்டன்ஸ், டேம்பர் இருக்கற இடத்துல ரெசிஸ்டன்ஸ், ஸ்ப்ரிங் இருக்கற இடத்துல ஒண்ண கெப்பாசிட்டன்ஸால வகுத்தது. எழுத்து மட்டும்தான் வேற. ரெண்டும் உன் கையெழுத்துதான், சர்க்யூட்ல 92 மார்க், வைப்ரேஷன்ல அரியர்! எனக்கு சிரிப்பு வந்துருச்சு, கோச்சுக்காத. நீ தோத்த கணக்கும் ஜெயிச்ச கணக்கும் ஒரே கணக்கு.

இந்த எலக்ட்ரிகல், மெக்கானிகல்ங்கற பிரிவினையே ரொம்ப பின்னாடி வந்ததுதான். விஞ்ஞானி ஃபாரடே 1821ல ஒரு கிண்ணத்துல பாதரசம் ஊத்தி, நடுவுல காந்தத்த நிறுத்தி, ஒரு கம்பிய தொங்க விட்டு கரண்ட் குடுத்தார், கம்பி காந்தத்த சுத்தி சுத்தி வந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு 1831ல அதையே திருப்பிப் போட்டு, காந்தத்த அசைச்சா கரண்ட் வருதுன்னு காட்டினார். புக் பைண்டிங் வேலை கத்துக்கிட்டு இருந்த ஆளு, கணக்கு அவ்வளவா வராது. கம்பி சுத்தினத பார்த்துட்டு இது எந்த டிபார்ட்மென்ட்னு அவர் யார்கிட்ட போய் கேட்டிருப்பார்?

லேப் விஷயம் ரெண்டு சொல்லிடறேன், இல்லன்னா உங்கம்மா என்ன விட மாட்டா. லேத்துல நிக்கும்போது முடிய நல்லா சுருட்டி கட்டு, கிளவுஸ் போடாத, பீஸ புடிச்சுக்கற சக்கோட சாவிய கையிலருந்து விடறதுன்னா சக்குல இருந்து எடுத்துட்டு விடு. சப்ளை ஆஃப் பண்ணிட்டோம்னு கெப்பாசிட்டர்ல உடனே கைய வைக்காத, அது சார்ஜ புடிச்சு வச்சுக்கிட்டு காத்துட்டு இருக்கும். லோட் ஓடும்போது சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) செகண்டரிய ஓப்பன் பண்ணவே கூடாது, இத நாலு தடவ படி. உங்க சார் சொல்லியிருப்பார், இருந்தாலும்.

அரியர பத்தி கவலைப்படாத, அடுத்த தடவ எழுதிக்கலாம். எனக்கு அப்ளைடு மெக்கானிக்ஸ்ல ரெண்டு தடவ போச்சு, உங்கம்மாவுக்கு இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது, நீயும் சொல்லாத.

நாளைக்கு ஒரு பார்சல் அனுப்பறேன். பிரிச்சதும் கனமா இருக்கேன்னு பார்ப்ப. அந்த பேரிங் ரேஸோட பாதி அது, இத்தன வருஷமா என் டூல்ஸ் பெட்டி அடியில கெடந்துச்சு. உள் பக்கம் நகத்த வச்சு மெதுவா இழு, டரரருன்னு ஒரு சத்தம் கேக்கும். கேட்டுட்டு போன் பண்ணு.

அப்பா