சுமதிக்கு, பேரனின் பயிற்சி பற்றி

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள் என்று படித்ததில் ரொம்பச் சந்தோஷம். எனக்கும் இங்கே குறை ஒன்றும் இல்லை. பிசியோதெரபி வேலையை முழுதாக விட மனசு வரவில்லை, காலையில் மட்டும் போய் வருகிறேன்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். மூளை அலையைத் திரையில் காட்டிப் பயிற்சி கொடுத்தால் கவனக்குறைவுக் கோளாறு (ADHD) சரியாகும் என்கிறார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு அதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் சுமதி. மாத்திரையை நிறுத்துவது, குறைப்பது எதுவானாலும் அவனைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லவேண்டும்.

வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் தெரியுமா? 2021இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. கவனக்குறைவு உள்ள 144 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய மூளை அலையையே காட்டிப் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே கருவி, அதே விளையாட்டு, அதே பாராட்டு. ஆனால் திரையை ஓட்டியது முன்பே பதிவு செய்துவைத்த அலை. எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவர்களுக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கத்திலும் குழந்தைகள் நன்றாகவே தேறினார்கள், ஏறக்குறைய ஒரே அளவில். அப்படியானால் உதவியது அலை இல்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்தது, செய்யச் செய்யப் பாராட்டியது, சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியது, இதெல்லாம் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். அதைக் கொடுக்க இத்தனை செலவு எதற்கு?

இதைப் படித்துவிட்டு பயோஃபீட்பேக்கே, அதாவது உடம்புக்குள் நடப்பதைக் கருவியில் காட்டிப் பழக்கும் முறையே, பொய் என்று முடிவு கட்டிவிடாதே. நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். வருஷக்கணக்காக மலச்சிக்கலோடு வருகிறவர்களில் பலருக்குக் குடலில் கோளாறு இருக்காது. முக்கும்போது தளரவேண்டிய ஆசனவாய்த் தசை அவர்களுக்கு இறுகிக்கொள்ளும். "தளர்த்துங்கள்" என்று வாயால் எத்தனை தடவை சொன்னாலும் முடியாது, ஏனென்றால் இறுக்குவதே அவர்களுக்குத் தெரிவதில்லை. சின்ன சென்சாரை வைத்துத் திரையைக் காட்டினால், முக்கின உடனே கோடு மேலே ஏறும். முதல் தடவை அதைப் பார்க்கிறவர்கள் முகத்தில் ஒரு திகைப்பு வரும். "நானா இறுக்குகிறேன்?" என்பார்கள். அப்புறம் வயிற்றை மெல்ல அழுத்திக்கொண்டே கோட்டைக் கீழே இறக்கப் பழகுவார்கள். கொஞ்ச நாளில் திரையே தேவைப்படாது.

இதற்கு ஆதாரமும் திடமாக இருக்கிறது. 2006இல் இத்தாலியில் 109 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்கு நல்ல குணம், மலமிளக்கி சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான். அடுத்த வருஷமே சதீஷ் ராவ் என்ற டாக்டரின் குழு போலிப் பயிற்சியோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. அங்கேயும் நிஜப் பயிற்சிதான் ஜெயித்தது. எனக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் முக்கியம். போலியோடு மோதி நின்றால்தான் நான் ஒரு சிகிச்சையை நம்புவேன்.

இந்தத் துறையின் பிறப்பே இப்படி ஒரு சோதனையோடு கலந்ததுதான். நீல் மில்லர் என்ற உளவியலாளர், எலிகளுக்குக் குராரே என்ற மருந்தைக் கொடுத்துத் தசைகள் அசையாமல் செய்து, செயற்கைச் சுவாசத்தில் வைத்து, மூளைக்கு இதமான மின்தூண்டலைப் பரிசாகக் கொடுத்து, இதயத் துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் பழக்கலாம் என்று 1969இல் எழுதினார். உலகமே பரபரத்தது. பிற்பாடு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. மில்லரும் அவருடைய சகா பாரி டுவர்கினும் அதை மறைக்காமல், முடியவில்லை என்று 1986இல் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். தன் பேர் வாங்கித்தந்த ஆய்வைப் பற்றியே அப்படி எழுத ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

உன் தலைவலிக்கு வருகிறேன். நீ சொல்வதைப் பார்த்தால் இறுக்கத்தால் வரும் தலைவலி போலத்தான் தெரிகிறது, ஆனாலும் முதலில் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள். அதுதான் என்றால் பயோஃபீட்பேக் உனக்குப் பொருந்தும், தலைவலிக்கு அதன் பலனை நிறைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெற்றியில் சென்சார் ஒட்டுவார்கள். நீ லேசாகப் பல்லைக் கடித்தால்கூடக் கருவியின் சத்தம் ஏறும். நெற்றியும் தாடையும் தளரத் தளரச் சத்தம் இறங்கும். வலி இல்லை, மருந்து இல்லை. வீட்டிலும் விடாமல் பழகவேண்டும், அது மட்டும் கட்டாயம்.

அண்ணனுடைய ரத்த அழுத்தத்துக்கு இதை நம்ப வேண்டாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு அதில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக மூச்சு விடுவது மனசுக்கு இதம்தான், தாராளமாகச் செய்யட்டும். மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

பேரனை அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, பள்ளியில் ஆசிரியர் எழுதித்தரும் குறிப்பையும் எடுத்துப் போகச் சொல். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டருக்கு அது ரொம்ப உதவும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
கலா