தாண்டிக்குடி மண்ணும் டெல்லி மண்ணும்

ஆர்.கே.புரம், புது டெல்லி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. அவன் கிளம்புவதற்கு முன்பே அவன் அறை யாருக்கு என்று சண்டை ஆரம்பித்துவிட்டது.

தாண்டிக்குடி மலையில் உங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே சோலைக்காட்டில், மண் விடும் காற்றை அளக்க ஆராய்ச்சி மாணவர்கள் பிவிசி வளையங்களைப் பதித்திருப்பதையும், "காட்டு மண்ணும் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது" என்று அவர்கள் சொன்னதற்கு அண்ணன் கோபப்பட்டதையும் படித்துச் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் சொன்னது சரிதான். வேர்கள் சுவாசிக்கின்றன. சருகையும் செத்த வேரையும் தின்னும் பூஞ்சை, பாக்டீரியாக்களும் சுவாசிக்கின்றன. உலகம் முழுக்க இப்படி மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் ஆண்டுக்கு ஏறக்குறைய 9,000 கோடி டன். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் விடுவது சுமார் 1,000 கோடி டன்தான். அதற்காகக் காட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை, பெரும்பகுதியைச் செடிகொடிகளே திரும்ப இழுத்துக்கொள்கின்றன. மண் விடும் பங்கு மட்டும் கூடிக்கொண்டே போனால்தான் வம்பு.

வெப்பம் ஏறினால் அது கூடும் என்பது பொது விதி. 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று பாடம் எடுப்போம். அப்படிப் பார்த்தால் மே மாத டெல்லி மண் மூச்சு வாங்க வேண்டும், இல்லையா? என் வகுப்புப் பிள்ளைகளோடு இங்குள்ள ரிட்ஜ் காட்டில் அளந்து பார்த்தோம். காடு என்றால் நம் ஊர்ப்பக்கம் மண்டிக் கிடக்கும் அதே சீமைக்கருவேலம்தான் முக்கால்வாசி. பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே ஒரு கிண்ணத்தில், மண் விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் காஸ்டிக் சோடா கரைசல். மறுநாள் எடுத்து, பேரியம் குளோரைடு விட்டு, மிச்சமிருக்கும் சோடாவை பியூரெட்டில் ஆசிட் விட்டு அளப்பது. நம் கல்லூரி லேபில் செய்த அதே டைட்ரேஷன். வெளியே வெயில் 43 டிகிரி. ஆனால் சோடா கொஞ்சம்தான் குறைந்திருந்தது. காய்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் சுருண்டு கிடக்கின்றன. உணவு பக்கத்திலேயே இருந்தாலும் அதைக் கரைத்துக் கொண்டுவரத் தண்ணீர் இல்லை.

முதல் மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் வைத்தோம். பாதி ஆசிட் செலவாவதற்குள்ளேயே கரைசலின் பிங்க் நிறம் போய்விட்டது, அவ்வளவு சோடாவை மண்ணின் மூச்சு தீர்த்திருந்தது. பிள்ளைகள் நம்பவே இல்லை! 1958-லேயே பர்ச் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை வைத்து இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். ஈரம் பட்டதும் வறட்சியில் செத்த நுண்ணுயிர்கள் பிழைத்தவற்றுக்குத் தீனியாகின்றன. மண்கட்டிகள் உடைந்து உள்ளே ஒளிந்திருந்த மக்கிய பொருள் வெளியே வருகிறது. கூடவே நைட்ரஜனும் வெளிப்படும். உன் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் கோடை மழையிலும் இந்தக் கூத்து நடக்கும், அண்ணனிடம் சொல்.

அதற்காக மழை கொட்டக் கொட்ட மூச்சு கூடிக்கொண்டே போகாது. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போக முடியாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். துளைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நீர் நிற்கும்போதுதான் மூச்சு உச்சத்தில் இருக்கும். முழுக்கத் தேங்கிவிட்டால் மீத்தேன் விடும் நுண்ணுயிர்க் கூட்டம் தலைதூக்கும்.

என் கவலையெல்லாம் உங்கள் மலையைப் பற்றித்தான். இங்கே வெப்பம் போதும் போதும் என்று இருக்கிறது, ஈரம் இல்லாததுதான் பூட்டு. உங்கள் சோலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. குளிர்தான் அந்தக் கறுப்பு மண்ணில் கார்பனைக் கட்டிப்போட்டிருக்கிறது. குளிர்ந்த மண் கொஞ்சம் சூடானாலும் அதிகமாகவே துள்ளும். அமெரிக்காவில் ஹார்வர்டு காட்டில் 1991 முதல் மண்ணை 5 டிகிரி சூடாக்கி வருகிறார்கள். 26 ஆண்டுகளில் மேல் 60 சென்டிமீட்டர் மண்ணிலிருந்த கார்பனில் 17 சதவீதம் போய்விட்டது. அதுவும் சீராகப் போகவில்லை, சில ஆண்டுகள் வேகமாகக் கரைந்து, அப்புறம் அடங்கி, மறுபடி கிளம்பியது. பனாமாவின் வெப்பமண்டலக் காட்டில் 4 டிகிரி சூடாக்கியதில் இரண்டே ஆண்டில் வெளியேற்றம் 55 சதவீதம் கூடியது. வெப்பமண்டல மண் அவ்வளவு அசையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

அதனால் அண்ணனை அந்த வளையங்களைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள். பக்கத்தில் மண்ணை மிதித்து இறுக்கினாலே கணக்கு மாறிவிடும். அளக்கும்போது மண்ணின் ஈரத்தையும் எழுதிக்கொள்கிறார்களா, மழை பெய்த மறுநாளும் வருகிறார்களா என்று கேட்டுச் சொல். வெயில் நாளில் மட்டும் ஏறி வந்து அளந்துவிட்டுப் போனால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

டிசம்பரில் மதுரையில் ஒரு கல்யாணம் இருக்கிறது. முடிந்ததும் நேரே உன் வீடுதான். இங்கே கிடைக்கும் காப்பிப்பொடி வாயில் வைக்க முடியவில்லை, அதுவரைக்கும் அரைக் கிலோவாவது அனுப்பி வை.

அன்புடன்,
வசந்தா